ரிமூவல்: 'வழக்கு நீக்கம்' வேண்டாமே

> ரிமூவல் என்பதற்கு 'வழக்கு நீக்கம்' என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. அமெரிக்காவில் மாநில நீதிமன்றத்தில் போட்ட வழக்கைப் பிரதிவாதி ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதுதான் ரிமூவல். 'வழக்கு நீக்கம்' என்று படிக்கிறவர் வழக்கே தள்ளுபடி ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

டெக்சாஸில் நடப்பதைப் பாருங்கள். ஆலங்கட்டி மழையில் ஒருவர் வீட்டுக் கூரை போய்விடுகிறது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது பழைய ஓடுகளை மாற்றக்கூடக் காணாது என்று மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். நிறுவனம் வேறு மாநிலத்தது, கேட்கும் தொகையும் 75,000 டாலரைத் தாண்டுகிறது என்றால், வழக்கு நகல் சார்பு செய்யப்பட்ட (முறைப்படி கையில் சேர்க்கப்பட்ட) 30 நாளுக்குள் நிறுவனம் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்யலாம். அதன் நகல் மாநில நீதிமன்றத்துக்குப் போனதும் அங்கே வழக்கு நின்றுவிடும். நீதிபதியின் அனுமதியெல்லாம் வேண்டியதில்லை.

அதனால்தான் 'வழக்கு மாற்ற'மும் எனக்கு ஒப்பவில்லை. நம்மூரில் டிரான்ஸ்பர் மனு போட்டால் நீதிமன்றம் விசாரித்து உத்தரவிட வேண்டும். அமெரிக்காவிலும் டிரான்ஸ்பர் தனியாக இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கே விடுவோம். நேற்று ஒருவர் சொன்ன 'மேல்மன்ற மாற்றம்' சுத்தமாகப் பொருந்தாது. ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் மாநில நீதிமன்றத்துக்கு மேலே இல்லை, பக்கத்தில் இருக்கிறது.

என் பரிந்துரை: 'வழக்குப் பெயர்ப்பு'. 'நிறுவனம் வழக்கைப் பெயர்த்தது', 'பெயர்ப்பு அறிவிப்பு' என்று எப்படியும் வளைகிறது. பெயர்த்தது செல்லாது என்று மாநிலத்துக்கே அனுப்புவதை அங்கே ரிமாண்ட் என்கிறார்கள். நம் காதில் அது போலீஸ் காவல் சமாச்சாரம், 'திருப்பியனுப்பல்' போதும்.

அப்புறம் இன்னொன்று. வழக்கு உள்ளூரிலேயே இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் வக்கீல் டெக்சாஸ்வாசியான சேத மதிப்பீட்டாளர் ஒருவரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதுண்டு. இரு தரப்பிலும் ஒரே மாநிலத்தவர் இருந்தால் பெயர்க்க முடியாதே! 2017-இல் வந்த மாநிலச் சட்டப்படி, மதிப்பீட்டாளரின் பொறுப்பை நிறுவனமே ஏற்றுக்கொண்டால் அவர் வழக்கிலிருந்து கழன்றுகொள்வார். இப்படி வழக்கில் நிற்க முடியாத ஆளைச் சேர்ப்பதற்கு நம் சொற்பட்டியலில் 'மோசடிச் சேர்ப்பு' என்று இருக்கிறது. அங்கே பழைய சொல்வழக்கு அதுதான், ஆனால் டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இலேயே மோசடி என்ற சொல்லை விட்டுவிட்டு 'முறையற்ற' என்பதற்கு மாறிவிட்டது. எல்லா வக்கீலும் ஏமாற்றுக்காரர் இல்லையே. 'தகாச் சேர்ப்பு' என்று திருத்தலாமா? நீதிமன்றத்தில் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்.