எடித்தைக் காப்பாற்றாமல் விட்டது சரியா?

வால்நட்சத்திரம்:
ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரில் 1967 ஏப்ரலில் வந்த கதை ஒன்றை நேற்று மறுபடியும் பார்த்தேன். எதிர்காலத்து விண்கலம் ஒன்றின் கேப்டன் கிர்க், காலத்தில் பின்னோக்கி 1930-ஆம் வருடத்து நியூயார்க்குக்குப் போய்விடுகிறார். அங்கே எடித் கீலர் என்ற பெண் வேலையில்லாதவர்களுக்குச் சூப்பும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கிர்க்குக்கு அவள் மேல் காதல். ஆனால் அவள் உயிரோடு இருந்தால் பெரிய அமைதி இயக்கம் ஒன்றை நடத்துவாள். அமெரிக்கா போரில் இறங்கத் தாமதமாகும், அதற்குள் ஹிட்லர் கைக்கு அணுகுண்டு வந்துவிடும். சாலையில் லாரி வரும்போது அவருடைய விண்கலத்து டாக்டர் மெக்காய் அவளைக் காப்பாற்ற ஓடுகிறார். கிர்க் அவரைக் கட்டிப் பிடித்து நிறுத்திவிடுகிறார்.

நான் கிர்க் பக்கம். நடந்து முடிந்ததில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்குப் பிறகு பிறந்து வாழ்ந்த கோடிப் பேரின் வாழ்க்கை அதன் மேல்தான் நிற்கிறது.

நெய்தல்நிலம்:
எனக்கு ஒப்பவில்லை. தராசைக் கதையே சாய்த்துவைத்திருக்கிறது. ஒரு தட்டில் ஒரே ஒரு பெண், இன்னொரு தட்டில் உலகம் முழுவதும். போதாததற்கு கிர்க்கோடு வந்த அதிகாரி ஸ்பாக்கின் கருவி இரண்டு எதிர்காலத்தையும் படம் போட்டுக் காட்டிவிடுகிறது. இப்படி இருந்தால் யார்தான் முடிவெடுக்க மாட்டார்கள்?

நான் நாகப்பட்டினம். எனக்குத் தெரிந்த நாளைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை 6.28. எங்கள் கரையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அக்கரைப்பேட்டையில் என் பெரியம்மா அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு மீன் விற்கப் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டும் வீட்டில். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

கால இயந்திரம் என் கைக்கு வந்தால் அன்று காலை ஆறரைக்குப் போய் இறங்குவேன். யோசிக்கவே மாட்டேன்.

மணல்கடிகாரம்:
அப்படிப் போனால், 2007-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் வந்திருக்குமா? 2012 ஏப்ரலில் அதே சுமத்ரா அருகே 8.6 அளவுக்கு நிலநடுக்கம் வந்தது. நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. ஆனால் வந்திருந்தால் சொல்வதற்கு அப்போது ஆள் இருந்தது. 2004-ஐ அழித்துவிட்டால் அடுத்த அலை இன்னும் அதிகம் பேரைக் கொண்டுபோகலாம்.

நெய்தல்நிலம்:
அலையையா நிறுத்தப் போகிறேன்? அது வரட்டும். வீடு போகட்டும், படகும் வலையும் போகட்டும். ஆட்களை மட்டும் கரையை விட்டு உள்ளே கூட்டிப் போவேன். கடல் ஊருக்குள் வந்ததை அத்தனை பேரும் கண்ணால் பார்த்த பிறகு மையம் எப்படி வராமல் போகும்? ஆறாயிரம் பேர் செத்தால்தான் ஒரு மையம் கட்டுவோம் என்றால் அந்தக் குறை நம்முடையது.

வால்நட்சத்திரம்:
சரி, மையத்தை விடுங்கள். பிள்ளைகளுக்கு வாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு, அப்புறம் சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் உங்கள் ஊரில் நிறையப் பேர். கருக்குழாயைத் திரும்பச் சேர்க்கும் ஆபரேஷனை அவர்களுக்கு இலவசமாகச் செய்ய அரசு ஏற்பாடு செய்தது. அப்படிப் பிறந்த பிள்ளைகள் இப்போது காலேஜ் வயதில் இருக்கிறார்கள். நீங்கள் ஆறரைக்குப் போய் இறங்கினால் அவர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். இது கொலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நெய்தல்நிலம்:
நீங்கள் சொல்வது என் வீட்டுக் கதை. பெரியம்மா அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்தான். 2006-இல் தம்பி பிறந்தான். ஏழெட்டு வயதில் ஒரு நாள் சாப்பிடும்போது, "அண்ணனும் அக்காவும் இருந்திருந்தா நான் எங்கம்மா இருந்திருப்பேன்?" என்று கேட்டான். பெரியம்மா பதில் சொல்லவில்லை. சட்டியில் இருந்த கடைசி மீன் துண்டை அவன் தட்டில் வைத்தார்.

நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியும் போவேன் என்றுதான் தோன்றுகிறது. அந்த இரண்டு பேருக்கும் முகம் இருந்தது, பயந்தார்கள், மூச்சுத் திணறினார்கள். பிறக்காமலே போகிறவனுக்கு வலி இல்லையே.

மணல்கடிகாரம்:
நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ ஊர் இருக்கிறது. அன்று காலை சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதன் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. 3,600 பேர் கொண்ட ஊர்.

நெய்தல்நிலம் செய்ய நினைப்பதும் இதே வேலைதானே? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறார். இதனால் நாளைக்கு யார் பிறக்காமல் போவார்கள் என்று போன் போட்டவர் யோசித்திருந்தால் ஊரே போயிருக்கும்.

வால்நட்சத்திரம்:
இரண்டும் ஒன்றில்லை. அவர் போன் போட்டபோது 2006 இன்னும் வரவில்லை, அந்தத் தம்பி யாருக்கும் தெரியாது. நெய்தல்நிலத்துக்குத் தெரியும். அவன் கேட்ட கேள்விகூடத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவீர்களா?

நெய்தல்நிலம்:
மாட்டேன். சொன்னால் "போயிட்டு வாக்கா" என்பான், அவன் அப்படிப்பட்டவன். அதைக் கேட்டுவிட்டு என்னால் போக முடியாது.

வால்நட்சத்திரம்:
கிர்க்கும் எடித்திடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

நெய்தல்நிலம்:
ஆமாம். எனக்கு அவர் மேல் இருந்த பெரிய கோபமே அதுதான்.