பித்தளை ரயில் எஞ்சின் மாடல்களைக் கொஞ்ச எண்ணிக்கைல ஒரே தடவை செஞ்சு நிறுத்துறாங்களே, அந்த 'லிமிடெட் ரன்'னுக்குத் தமிழ்ல 'ஓரீடு'ன்னு வச்சா சரியா வருமா?

> "வரம்புப் பதிப்பு"ன்னே வச்சுடலாமே, புஸ்தகத்துக்கு அப்படித்தான எழுதுறோம்.

ஐயா, எனக்கு அது ஒட்டல. பதிப்புன்னா அச்சு கைல இருக்கு, வேணும்னே கொஞ்சமா போட்டு நிறுத்திக்கிட்டாங்கன்னு ஆயிடும். பித்தளை ரயில் எஞ்சின் மாடல்ல கதையே வேற. அமெரிக்காவுல 1950கள்லேர்ந்து பசிபிக் ஃபாஸ்ட் மெயில் மாதிரி இறக்குமதிக்காரங்க ஜப்பான் பட்டறைகள்ல செய்ய வச்சு வித்தாங்க, பின்னாடி அந்த வேலை கொரியாவுக்குப் போச்சு. பிளாஸ்டிக் மாடல்னா ஸ்டீல் டை, அதாவது வார்ப்பு அச்சு வெட்டணும், அந்தக் காசு ஆயிரக்கணக்குல வித்தாத்தான் திரும்பும். பித்தளைல தகட்டை ஆசிட்ல அரிச்சு, சின்னப் பாகத்தையெல்லாம் மெழுகு வார்ப்புல எடுத்து, கையால சால்டர் வைக்கிறாங்க, அதனால நூறு இருநூறு செஞ்சாலும் கட்டுபடியாகும், ஆனா ஒவ்வொரு எஞ்சின்லயும் கூலி முழுசா உக்காந்திருக்கும், எண்ணிக்கை கூடினாலும் விலை பெருசா எறங்காது. அதான் முதல்ல அறிவிப்பு, அப்புறம் முன்பதிவு, எத்தனை பேர் கேக்குறாங்கன்னு பாத்துட்டு அந்த அளவுக்கு ஒரே மூச்சுல செஞ்சு முடிச்சுடுறாங்க.

இதுக்கு நம்மகிட்ட 'ஈடு' இருக்கே, இட்லி முதல் ஈடு ரெண்டாம் ஈடுன்னு சொல்றோமே அதேதான். ஒரே தடவையோட முடிஞ்சா 'ஓரீடு', திரும்பச் செஞ்சா 'ரெண்டாம் ஈடு'. பழைய மாடல் வாங்குறவங்க எந்த ஈடுன்னு கேட்டுட்டுத்தான் விலையே பேசுவாங்க, ஏன்னா ஈட்டுக்கு ஈடு மோட்டார், கியர், நுணுக்கம் மாறலாம். பதிப்புன்னு வச்சாலும் இந்தப் பிரிவு வரும்தான், ஆனா பட்டறை வாசனை வராது.

> ஈடுன்னா அடமானம், நஷ்டஈடுன்னும் வருமே?

வரும். அதனால 'ஈட்டு விலை'ங்கிற சேர்க்கைய மட்டும் தொட வேணாம், 'ஓரீட்டு மாடல்', 'ஈட்டு எண்ணிக்கை' ரெண்டுலயும் யாருக்கும் அடமானம் ஞாபகம் வராது.

இன்னொண்ணும் இப்பவே தீத்துக்கணும். விக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு போட்டோ காட்டி திருத்தம் கேப்பாங்களே, பைலட் மாடல், அதுக்கு 'முன்மாதிரி' போடாதீங்க ப்ளீஸ். இந்தப் பொழுதுபோக்குல புரோட்டோடைப்னா தண்டவாளத்துல ஓடுன நிஜ எஞ்சின், முன்மாதிரிய அதுக்கு விட்டுடணும். பைலட்டுக்கு 'வெள்ளோட்ட மாடல்' என் பரிந்துரை, வேற நல்லதா இருந்தா சொல்லுங்க.