வல்லை வெளிக் காத்துக்கு எதிரா வேகம் எடுக்கிறது எப்பிடி?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

யாழ்ப்பாணத்தில ஏழு மாசமா விடியப்புறம் சைக்கிள் ஓடுறன், கிழமைக்கு மூண்டு நாள். பண்ணைப் பாலத்தால வேலணைக்கு, இல்லாட்டி கீரிமலைக்குப் போய் வருவன். தொடங்கேக்க 15 கிலோமீற்றருக்கே மூச்சு வாங்கினது. இப்ப 40 சுகமா ஓடலாம். ஆனா வேகம் மணிக்கு 21லயே நிக்குது.

சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, தொடங்கினால் அதுவும் இல்லை. போன ஞாயிறு பருத்தித்துறையில இருந்து திரும்பேக்க வல்லை வெளியில 14க்கு இறங்கிட்டுது. ஒதுங்க ஒரு மரமில்லை, மதிலில்லை. முழங்கையை மடக்கி நல்லாக் குனிஞ்ச உடன காதில அடிச்ச இரைச்சல் குறைஞ்சு, 16 வந்தது. கழுத்துத்தான் பத்து நிமிசத்துக்கு மேல தாங்கேல்லை.

வலது முழங்காலின்ர முன்பக்கமும் நோகுது. சீற்றை ஒரு விரலளவு உயர்த்தினாப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை. பாரமான கியரில அமத்தி உழக்கினதும் காரணமா இருக்கலாம். எண்ணிப் பாத்தா நிமிசத்துக்கு 60 சுத்துத்தான் வருது. 80, 90 சுத்தினால் சீற்றில துள்ளுறன். இது பழகப் பழகச் சரிவருமோ?

மூண்டு நாளில ஒரு நாளை, இடைக்கிடை ஆறி ஆறி வேகமா ஓட ஒதுக்கலாமெண்டு இருக்கிறன். எத்தினை நிமிசம் அடிச்சு ஓடி, எத்தினை நிமிசம் ஆறுறது? ஏத்தமே இல்லாத எங்கட ஊரில காலுக்குப் பலம் ஏத்தினது எப்பிடி எண்டும் சொல்லுங்கோ. ஞாயிறுகளில சேர்ந்து ஓடுற ஆக்கள் இருந்தால் நானும் வாறன். காத்து மறைப்புக்கு முன்னால போறவரின்ர பின்சில்லுக்கு எவ்வளவு கிட்டப் போகலாமெண்டு ஆராவது பக்கத்தில நிண்டு காட்டித் தந்தால் பெரிய உதவி.