பார்பியின் முதுகில் 1966 என்று இருக்கிறது, விலை பெறுமா?

கோபிக்காரி கேட்கிறார்:
கோபிசெட்டிபாளையத்தில் அம்மா வீட்டு அட்டாலியை ஒழித்தபோது, பழைய அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து என் பார்பி கிடைத்தாள். 1992இல் மாமா கோயமுத்தூரில் வாங்கிவந்தது. அட்டைப்பெட்டி அந்த வாரமே அடுப்புக்குப் போய்விட்டது. உடுத்தியிருப்பது, திருப்பூர் பனியன் கம்பெனி வெட்டுத்துணியில் அம்மா தைத்த பாவாடை சட்டை. காதில் நான் குத்திவிட்ட கவரிங் கம்மல். அதைச் சுற்றிக் கன்னம்வரை பச்சை படர்ந்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே பின்புறம் 1966 என்று பொறித்திருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், "அறுபது வருஷத்துப் பொம்மை, லட்சத்துக்குப் போகும், முன்பணம் கட்டுங்கள், வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன்" என்கிறார். எனக்குக் கணக்கு இடிக்கிறது. கட்டலாமா?

பீளமேட்டுக்காரர்:
அம்மணி, கட்டிவிடாதீர்கள். 1966 என்பது அந்த உடல் அச்சின் பதிப்புரிமை ஆண்டு. தொண்ணூறுகளில் செய்த பொம்மைகளிலும் அதே எண்தான். பக்கத்தில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெருவிலை பெறுவது 1959இல் 3 டாலருக்கு விற்ற முதல் பார்பி. தாங்கியில் செருகுவதற்காக அதன் ஒவ்வொரு பாதத்திலும் ஒரு துளை, உள்ளே செம்புக் குழல் இருக்கும். உங்களுடையதன் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள், மழமழவென்றுதான் இருக்கும்.

பொள்ளாச்சி அக்கா:
முதலில் கம்மலைக் கழற்று கண்ணு. செம்பு களிம்பேறி, பொம்மையின் வினைல் பிளாஸ்டிக்குக்குள் ஊறிய பச்சை அது. புளி போட்டுத் தேய்த்தால் போவதற்கு அது குத்துவிளக்கு அல்ல. முகத்தில் எழுதிய சாயம்தான் போகும். பென்சாயில் பெராக்சைடு கலந்த முகப்பருக் களிம்பைக் கறைமேல் மட்டும் தடவிச் சில நாள் விட்டுவைப்போம். அளவு மீறினால் அந்த இடமே வெளுத்துவிடும். என் பொம்மை ஒன்றுக்குத் தேமல் வந்ததுபோல் ஆகிவிட்டது.

மஞ்சள் மண்டி:
பெட்டி இருந்திருந்தாலும் கோடீஸ்வரி ஆகியிருக்க மாட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கென்று 1988இல் வந்த முதல் ஹாலிடே பார்பிக்கு விலை ஏறியதும், அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவற்றை ஆளாளுக்கு வாங்கிப் பிரிக்காமல் பதுக்கினார்கள். எங்கள் ஈரோட்டு மஞ்சள் கதைதான்: எல்லாரும் குடோனில் அடுக்கினால் விலை எங்கே ஏறும்? அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய ஆறு பெட்டியும் இன்னும் பீரோமேல் கிடக்கின்றன.

கோபிக்காரி:
இந்தியா என்றுதான் இருக்கிறது. முன்பணம் கிடையாது என்றதும், பாவாடை சட்டையோடு ஐந்நூறு தருகிறேன் என்றார் வியாபாரி. பாவாடை சட்டை இல்லாமல் எவ்வளவு என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். அக்கா, ஒரு கம்மல் கழன்றுவிட்டது. இன்னொன்று தலைக்குள் விழுந்து கலகலக்கிறது. எப்படி எடுப்பது?