குடியிருந்துகொண்டே பழைய செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்ப்பது: எங்கிருந்து தொடங்கலாம்?

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, சென்ற கார்த்திகையில் ஆத்தாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்கள் பழைய வீட்டிற்கே குடிவந்துவிட்டேன். முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, அதன் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீடு அது. அய்யா காலத்தில் ஆறு புள்ளிகள் (பங்காளிக் குடும்பங்கள்) இருந்த இடத்தில் இப்போது நாங்கள் மூவர்தான்.

வளவின் தென்மேற்கு மூலையில் இரண்டு கூரைகள் சேரும் இடத்துக் கூடுவாய்த் தகரம் இற்றுப்போய், மழை பெய்தால் முற்றத்தில் விழ வேண்டிய தண்ணீர் பத்தியில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) விழுகிறது. அதன்கீழ் ஓர் அண்டாவை நிரந்தரமாகவே வைத்திருக்கிறோம். இரண்டாங்கட்டில் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய மட்டக் கூரை) ஒழுகுகிறது. பின்பக்கச் சுவர்களில் இடுப்பளவு உயரத்திற்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மின்கம்பிகள் இன்னமும் மரச் சட்டத்தின்மீதுதான் ஓடுகின்றன. வேறு வீட்டை வாடகைக்கு எடுக்கக் கையில் பணமில்லை என்பது ஒருபுறமிருக்க, ஆத்தா இந்த வீட்டை விட்டு ஒரு நாளும் வெளியே படுக்கமாட்டேன் என்கிறார்.

ஆவணியில் தங்கை மகள் திருமணத்தை இங்கேயே நடத்த எண்ணியிருக்கிறோம். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், முதலில் வளவில் வெடித்த தரையைப் பெயர்த்து ஆத்தங்குடிக் கல் பதித்துவிடலாம் என்றும், அதன்பின் டெரஸ்மீது சிமெண்ட் தளமும் சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சும் போட்டால் மூன்று மாதத்தில் முடியும் என்றும் சொல்கிறார். இந்த வரிசை சரிதானா? குடியிருந்துகொண்டே வேலை பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

தேவகோட்டைவாசி எழுதியது:

ஐயா, இந்த வரிசை தலைகீழானது. தரை கடைசி வேலை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல். ஆகவே அதன் முகத்தில் சுண்ணாம்போ பெயின்டோ சிந்தினால் கறை உள்ளே இறங்கிவிடும். கறையை எடுக்க ஆசிட் ஊற்றினால் கறையோடு மெருகும் போய்விடும். மேலே பூச்சு வேலையை வைத்துக்கொண்டு கீழே கல் பதிப்பவர், தாமே பதித்ததைத் தாமே கெடுக்கிறார்.

முதல் வேலை கூரை. ஆனால் முழுக் கூரையையும் ஒரே நேரத்தில் பிரித்துவிடாதீர்கள். நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம். சித்திரையில் மழை எங்கே வரப்போகிறது என்ற துணிச்சலில் வளவைச் சுற்றி நான்கு பத்திகளின் நாட்டோடுகளையும் ஒரே வாரத்தில் இறக்கி அடுக்கினோம். ஐந்தாம் நாள் மாலை இடியோடு வந்த கோடை மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது. மெத்தை, நெல் மூட்டை, அலமாரிக்குள் இருந்த திருமணப் படங்கள் என எல்லாம் நனைந்தன. அன்றிரவு ஒன்பது பேரும் முகப்புத் திண்ணையில் படுத்தோம். அதன்பிறகு ஒரு பத்தியைப் பிரித்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களில் இற்றதை மாற்றி, ஓடு மேய்ந்து முடித்த பின்னரே அடுத்த பத்தியைத் தொட்டோம். கூலி சற்றுக் கூடியது; உறக்கம் கெடவில்லை.

குடியிருக்கும் பகுதியைப் பொறுத்தவரை, வேலை நடக்கும் கட்டிற்கும் நீங்கள் உறங்கும் கட்டிற்கும் நடுவில் ஒரு கதவாவது எப்போதும் மூடியிருக்க வேண்டும். இரட்டை வீடுகளில் (வளவை ஒட்டி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இணை அறைகளில்) ஒன்றைத் தேர்ந்து, அந்த ஓர் இணை அறைக்கு மட்டும் முதலில் புதிய மின்கம்பி இழுத்து, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானையும் (RCCB) பொருத்திவிடுங்கள். ஈரச் சுவரும் பழைய கம்பியும் சேர்ந்திருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வேலையாட்களின் கருவிகளுக்கு அந்த அறையிலிருந்து இணைப்புக் கொடுக்காதீர்கள்.

சுண்ணாம்புக்கை எழுதியது:

கூரைதான் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது சிமெண்ட் பற்றி.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தப் பூச்சின் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். இன்று இடுப்பளவில் இருக்கும் உப்பு நாளை தோள் உயரத்தில் பூக்கும். உதிரும் பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அவற்றை மட்டும் கொத்தியெடுத்து, சுவரைச் சில வாரங்கள் காயவிட்டுப் பிறகு சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். அதற்கு முன்னால் பின்தெருவிற்குச் சென்று சாலையின் உயரத்தைப் பாருங்கள். சாலைமேல் சாலையாகப் போட்டுப்போட்டு உங்கள் பின்வாசற்படி புதைந்திருந்தால், நோய் சுவரில் இல்லை, சாலையில் இருக்கிறது. சுவரோரம் மண்ணை வெட்டியெடுத்துத் தண்ணீர் ஓடுவதற்கு வழி செய்யாமல் எதைப் பூசினாலும் நிற்காது.

டெரஸும் அப்படியே. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதித்த கூரை அது. அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டால் உத்திரத்தின் சுமை கூடும். வெயிலில் தளம் தனியாக விரிந்து வெடித்து, வெடிப்பில் இறங்கும் நீர் உத்திரத்தின் தலையில் போய் நிற்கும். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது என்று நம்பி இருந்துவிடுகிறோம், ஆனால் சுவருக்குள் நுழைந்திருக்கும் ஈரமான உத்திரத் தலை முதலில் உளுத்துப்போவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். தளர்ந்த தட்டோடுகளை மட்டும் எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பில் மீண்டும் பதியுங்கள்.

முட்டை வெண்கருப் பூச்சு (சுண்ணாம்பில் வெண்கரு சேர்த்த பழைய மெருகுப் பூச்சு) நன்றாக இருக்கும் இடங்களை ஈரத்துணியால் துடைத்தால் போதும், எதையும் அதன்மேல் அடிக்க வேண்டாம். ஆவணிக்குள் அந்தப் பூச்சைப் புதிதாகச் செய்து முடிக்கலாம் என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிப் பூச்சு காய்ந்த பிறகுதான் மேல் பூச்சு, அவசரப்பட்டால் வெடிக்கும். திருமணத்திற்கு அடிப் பூச்சோடு நிறுத்தி வெள்ளையடித்துவிடுங்கள்.

ஆத்தா வீட்டில் இருப்பதால் இரண்டு எச்சரிக்கைகள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. ஆகையால் அதைப் பின்கட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கதவு, நிலைகளில் பழைய எண்ணெய்ப் பெயின்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள்; அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவில் இருப்பது அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முந்தைய பெயின்ட். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டலைச் சாக்கில் கட்டி வெளியேற்றுங்கள்.

இரண்டாங்கட்டு ஆச்சி எழுதியது:

தம்பி, கல்லையும் சுண்ணாம்பையும் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆறு புள்ளி என்று எழுதியிருக்கிறீர்களே, மற்ற ஐந்து பேரிடமும் கேட்டாயிற்றா? உங்கள் பங்கு அறைகள் உங்களுடையவை, ஆனால் முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. கூரையைப் பிரித்த பிறகு மலேசியாவில் இருக்கும் பங்காளி தொலைபேசியில் அழைத்து யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று கேட்டால், வேலை பாதியில் நிற்கும், திருமணமும் கசந்துபோகும். என்னென்ன செய்யப்போகிறீர்கள், செலவு யாருடையது, கழற்றும் மரமும் ஓடும் எங்கே அடுக்கப்படும் என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கழற்றிய எதையும் அவசரத்தில் விற்றுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள். நம் வீடுகளின் தூண்களும் கதவுகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. உங்கள் நிலைக்கு ஒரு பழைய கீலோ தாழ்ப்பாளோ தேவைப்பட்டால் அங்கே வாங்கலாம் என்பதும் உண்மை.

அடுப்படியை மட்டும் வேலை முடியும்வரை இடம் மாற்றாதீர்கள். நாங்கள் ஏழு மாதத்தில் நான்கு முறை அடுப்பை நகர்த்தினோம், உப்பு ஜாடி எந்தக் கட்டில் இருக்கிறது என்று தேடுவதிலேயே என் காலைப்பொழுது கழிந்தது. கழிவறைக்குப் போகும் நடையில் இரவில் சாரக்கட்டைகளைப் போட்டுவைக்க விடாதீர்கள். ஆத்தா தடுக்கி விழுந்தால் அதன்பிறகு வீடு எதற்கு?

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆச்சி, உண்மையைச் சொன்னால் இரண்டு பங்காளிகளிடம்தான் பேசியிருந்தேன். இன்றிரவே மற்ற மூவருக்கும் எழுதுகிறேன். தரை வேலையைத் திருமணத்திற்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வெடித்த இடங்களில் ஜமுக்காளம் விரிக்கலாம் என்றதும் ஆத்தா சிரித்தார். அவர் திருமணத்திற்கும் அந்தத் தரைமேல் ஜமுக்காளம்தான் விரித்தார்களாம். பின்தெருவையும் போய்ப் பார்த்தேன். மூன்று படிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது.

ஒரே ஓர் ஐயம். கூடுவாய்த் தகரத்தைப் பழைய அளவிலேயே செய்யலாமா?

தேவகோட்டைவாசி எழுதியது:

பழையதைவிட அகலமாகவே செய்யுங்கள். இரண்டு கூரைகளின் தண்ணீரும் அந்த ஒரு மூலையில்தான் இறங்குகிறது. இலை அடைத்தால் குறுகிய தகரம் ஓட்டிற்கு அடியில் வழியும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் ஒரு சாணாவது ஏறியிருக்கட்டும், ஓடு தகரத்திற்குள் நான்கு விரல் நீண்டிருக்கட்டும். பொருத்தியவுடன் மேலிருந்து நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, அது முற்றத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள். அண்டாவை ஐப்பசி மழை முடியும்வரை எடுக்க வேண்டாம்.