பக்கம் மாறியும் மெயில் வரவில்லை, எங்கே தேடுவது?

நிலா_தென்காசி
வணக்கம். தம்பிக்கு கணக்கில் ஒரு அரியர். அவன் கல்லூரித் தேர்வுப் பிரிவின் அறிவிப்புப் பக்கம் எந்த நேரம் மாறும் என்றே சொல்ல முடியாது. அதனால் பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டு, பக்கம் மாறினால் மெயில் அனுப்பும் யூஆர்எல்வாட்ச் (urlwatch) நிரலை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் (cron) மூலம் மணிக்கு ஒரு தடவை ஓடவிட்டேன். முதல் வாரம் மணிக்கொரு மெயில். திறந்தால், அடியில் இருக்கும் பார்வையாளர் எண்ணிக்கைதான் மாறியிருக்கும். சரி என்று பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் சிஎஸ்எஸ் ஃபில்டர் போட்டு அறிவிப்பு அட்டவணையை மட்டும் எடுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன செவ்வாய் அவன் நண்பன் சொல்லித்தான் தெரிந்தது, மறுமதிப்பீட்டுக்கு மறுநாள் கடைசி நாள் என்று. அலறியடித்துப் பணம் கட்டினோம். அடுத்து முடிவு வர வேண்டும், அதைத் தவறவிட மாட்டேன். சோதனை மெயில் ஒழுங்காக வருகிறது. வேறு எங்கே பார்ப்பது?

பழைய_சர்வர்
ஃபில்டரில் கொடுத்த அட்டவணையின் பெயரை பிரவுசரின் இன்ஸ்பெக்ட்டில் பார்த்து எடுத்தீர்களா? அங்கே தெரிவது, பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிரவுசரில் ஓடி முடிந்த பக்கம். கன்ட்ரோல்-யு அழுத்தி, சர்வர் அனுப்பிய மூலத்தில் தேடுங்கள். அங்கே அறிவிப்பு வரிகள் இல்லையென்றால் யூஆர்எல்வாட்ச்சுக்கும் அவை கிடைக்காது, அதன் சாதாரண ஜாப் (கண்காணிப்பு வேலை) ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. ஃபில்டர் எதை எடுக்கிறது என்று காட்டும் டெஸ்ட்-ஃபில்டர் கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். காலியாக வந்தால் இதுதான் காரணம்: காலியைக் காலியோடு ஒப்பிட்டால் மாற்றம் எப்படித் தெரியும்?

நிலா_தென்காசி
காலிதான் அண்ணா. மூலத்திலும் ஒரு வரிகூட இல்லை.

ராத்திரி_ஷிஃப்ட்
ஒரு சந்தேகம். ஃபில்டர் போட்ட அன்று எல்லா வரியும் அழிந்ததாக ஒரு மெயிலாவது வந்திருக்க வேண்டுமே? முதல் வாரத் தொல்லையில் ஜிமெயிலிலும் ஏதாவது ஃபில்டர் போட்டீர்களா?

நிலா_தென்காசி
போட்டேன்! பக்கத்தின் பெயர் இருந்தால் இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொல்லியிருந்தேன், மறந்தே போனது. 'ஆல் மெயில்' போய்ப் பார்த்தால் அந்த மெயில் அப்படியே கிடக்கிறது, வரிக்கு வரி மைனஸ் குறி. சோதனை மெயிலில் பக்கத்தின் பெயர் இல்லாததால் அது மட்டும் வந்திருக்கிறது.

பழைய_சர்வர்
அப்படியென்றால் இரண்டு இடத்தில் அடைப்பு. ஜிமெயில் ஃபில்டரை முதலில் நீக்குங்கள். அப்புறம் 'நேவிகேட்' ஜாப் போட்டால் பிரவுசரையே திறந்து படிக்கும், ஆனால் பழைய லேப்டாப் திணறும். அதற்குப் பதில் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அட்டவணையின் தரவு ஜேசானாக (JSON, வெறும் எழுத்தாக வரும் தரவு வடிவம்) எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று தெரியும். அதையே கண்காணியுங்கள், பார்வையாளர் எண்ணிக்கையும் தொந்தரவு செய்யாது. மணிக்கு ஒரு தடவையே போதும். சின்ன சர்வராக இருக்கும், பாவம்.

நிலா_தென்காசி
ஜேசான் முகவரி கிடைத்தது. இன்று காலை 10 மணி ஓட்டத்தில் ஒரே ஒரு பிளஸ் (புதிய) வரியோடு மெயில், நேராக இன்பாக்ஸில்! பட்டச் சான்றிதழ் கட்டணம் பற்றிய அறிவிப்பு. தம்பிக்கு இப்போது அது வேண்டாம்தான், ஆனாலும் அவனை எழுப்பிக் காட்டினேன். இருவருக்கும் மிக்க நன்றி.