மூன்று வைப்பர், ஒரு மோட்டார்: மழையில் பாதி வழியில் நின்றுவிடுகிறது

மழைக்கோட்டு:

என்னிடம் 1971ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (இங்கிலாந்தில் செய்த, திறந்த கூரை கொண்ட கார்) இருக்கிறது. அமெரிக்காவுக்கென்று அனுப்பப்பட்ட வண்டி, ஆகவே முன்கண்ணாடியில் மூன்று வைப்பர்கள். தாழ்ந்து அகன்ற கண்ணாடியில் இந்நாட்டு விதி கேட்ட பரப்பைத் துடைக்க இரண்டு போதவில்லையாம். பார்க்கிறவர்கள் படம் எடுக்கிறார்கள். நான் திட்டுகிறேன்.

போன சனிக்கிழமை நியூஜெர்சியில் நல்ல மழை. ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல ஏறி இறங்கி, கடைசியில் மூன்றும் கண்ணாடி நடுவில் நின்றேவிட்டன. சாலையோரம் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு. ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது. மனைவி பக்கவாட்டில் தலையை நீட்டி வழி சொல்ல வீடு வந்து சேர்ந்தோம். அவள் இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இதில் வேடிக்கை, இது மாற்றிய மோட்டார். மூன்று மாதம் முன்பு இதே கோளாறுக்கு ஒரு பட்டறையில் மோட்டாரை மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று வாங்கவா?

வோல்ட்மீட்டர்:

வாங்காதீர்கள். வைப்பர் ஓடும்போது மோட்டார் இணைப்பில் எத்தனை வோல்ட் வருகிறது? கறுப்புக் கம்பி எர்த். அதன் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தீர்களா?

மழைக்கோட்டு:

சுரண்டிவிட்டேன். ஓடும்போது 12.3 வருகிறது.

கிரீஸ்கை:

தம்பி, மின்சாரத்தில் குறையில்லை. மோட்டாருக்குச் சுமை கூடுகிறது.

மோட்டார் வைப்பரை நேராகச் சுழற்றுவதில்லை. சுருள் சுற்றிய ஒரு கம்பியைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்தக் கம்பி ஒவ்வொரு வைப்பரின் அடியிலும் உள்ள பல்சக்கரத்தைத் திருப்புகிறது. ஐம்பது வருடத்து கிரீஸ் குழாய்க்குள் மெழுகாக இறுகியிருக்கும். இங்கிலாந்தில் என் வண்டிக்கு இரண்டே வைப்பர், அதற்கே முட்டி மோதியது. உனக்கு மூன்று.

வைப்பர் கைகளைக் கழற்று. குழாயை மோட்டாரோடு பிணைக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கம்பியோடு சேர்த்து உருவு. பிறகு கண்ணாடி அடியில் இருக்கும், வைப்பர் கைகளை மாட்டும் மூன்று தண்டுகளையும் விரலால் திருப்பிப் பார். விரலுக்கு அசையாதது எதுவோ அதுதான் திருடன். கம்பியை மண்ணெண்ணெயில் கழுவி, குழாய்க்குள் துணி விட்டு இழு, புது கிரீஸ் தடவு. திரும்பச் செருகியதும், கைகளை மாட்டுவதற்கு முன், தராசுக் கொக்கியால் கம்பியை இழுத்துப் பார்: 2.7 கிலோவுக்கு மேல் கேட்டால் இன்னும் எங்கோ உரசுகிறது.

பட்டறைக்காரர்கள் போட்ட மோட்டாரின் மூடியையும் திற. உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் ஒரு டிகிரி எண் பொறித்திருக்கும். வைப்பர் வீசும் கோணம் அது. பழையதில் இருந்த எண்தானா என்று பார். வேறு வண்டியின் மோட்டார் வெளியே அச்சு அசலாக இதைப்போலவே இருக்கும்.

மழைக்கோட்டு:

அண்ணா, நடுத்தண்டுதான். மற்ற இரண்டும் விரலுக்குச் சுற்றின. அதற்குக் குறடு வேண்டியிருந்தது. இரண்டு இரவு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன், இப்போது சுற்றுகிறது. குழாயிலிருந்து வந்த கிரீஸ், பனைவெல்லம் போலக் கறுத்துக் கட்டிகட்டியாக இருந்தது. எண்ணும் பழையதேதான். ஆனால் ஓட்டுநர் பக்கத்துப் பல்சக்கரத்தில் ஒரு பக்கப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. புதிது வாங்கவா?

கிரீஸ்கை:

அதற்குள் காசை எடுக்காதே. வைப்பர் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை. சக்கரத்தின் ஒரு பக்கம்தான் உழைக்கிறது. கம்பியை உருவி, தண்டை அரைச்சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி செருகு. உழைக்காத பற்கள் வேலைக்கு வரும்.

மாட்டும்போது, முதலில் சுவிட்சைப் போட்டு அணைத்து மோட்டாரைத் தானாக நிற்க விடு. அது நின்ற இடத்தில்தான் கைகளைப் பொருத்த வேண்டும்.

மழைக்கோட்டு:

அந்தக் கடைசி வரியை அவசரத்தில் பிறகுதான் படித்தேன். ஓட்டுநர் பக்கக் கை பானெட்டில் ஒரு கோடு போட்டுவிட்டது. பச்சை வண்ணம் கொஞ்சம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். மற்றபடி, குழாய்த் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு இருபது நிமிடம் ஓட்டினேன். மூன்றும் நிற்கவில்லை, மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.